லிஃப்ட் அக்காவின் காய்ச்சல்

நான் தொண்டு செய்யப் பிறந்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவரைச் சமூக சேவைக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிடத்தில் முடிவெடுத்த நாளில், நான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வேலைக்குப் போனால் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வராதவள் தலையில் கட்டிவிட்டார்கள். மறுக்கவும் முடியவில்லை, வாயில் பஞ்சு.

எங்களுடையது லிஃப்ட் கம்பெனி. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார் அல்லவா, அது என் காதில்தான் வந்து அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவரோடு பேசிக்கொண்டிருப்பது என் வேலை. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், என் பரம்பரையையே இழுத்துத் திட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லவே கூடாது. அதுவரை பயப்படாதவர்கூட அந்த வார்த்தையைக் கேட்டதும் பயப்பட ஆரம்பித்துவிடுவார். அவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத எதையாவது கேட்க வேண்டும். தையல்காரர் மாட்டிக்கொண்டால் சட்டைக் காலர் தைப்பது எப்படி என்று கேட்டால் போதும், லிஃப்டையே மறந்துவிடுவார். விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பவருக்குப் பயப்பட நேரம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, லைனை நாங்கள் துண்டிக்கக் கூடாது. உள்ளே இருப்பவர்தான் மறுபடி பொத்தானை அழுத்தி அதை நிறுத்த வேண்டும்.

என்னை அனுப்பிய இடத்துக்குத் 'துணைத் திட்டம்' என்று பெயர். முதல் முறையாகத் தப்புத் தண்டாவில் மாட்டிய பையன்களையும் பெண்களையும் உடனே சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பாமல், சனிக்கிழமைகளில் பொது வேலை செய்ய வைப்பார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் என்னைப் போல ஒரு துணை. அதை நடத்துகிறவர் நன்னடத்தை அதிகாரி மேடம். பயிற்சி வகுப்பில் அவர் நிறையப் பேசினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்பு, பாதி எனக்குக் காதில் விழவில்லை. விழுந்தவை இரண்டு. துணை இல்லாமல் பிள்ளைகள் எந்த வீட்டு வாசலையும் தாண்டக் கூடாது; தாண்டினால் சலுகை ரத்து, நேராக நீதிபதி முன்னால், அங்கிருந்து பள்ளி. துணை சொல்லித்தான் தாண்டினார்கள் என்றால் பழி துணையின் தலையில். நல்ல வேலையடா என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தேன். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

முதலில் எனக்குக் கொடுத்த பையன் கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டான். ஊரைவிட்டே போய்விட்டார்களாம். இரண்டாமவன் ஒழுங்காக முடித்தான். சான்றிதழ் கொடுத்தார்கள், என்னையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒருநாள், பஸ் சிக்னலில் நின்றபோது பக்கத்தில் வந்து நின்ற போலீஸ் வண்டியின் ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டினான். நானும் ஆட்டினேன். வேறென்ன செய்வது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் இந்த வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கத்தல் கேட்டுக் கேட்டுச் சத்தம் என்றாலே எரிச்சல். "நம்ம வீட்டுல பல்பு மாத்த ஆள் இல்ல, இவ ஊரத் திருத்தப் போனா" என்றார் சுவரைப் பார்த்து. அந்தப் பல்பை மாற்ற வேண்டியவர் அவர்தான் என்பது வேறு விஷயம். விட்டுவிடலாம் என்று மேடத்திடம் போய்ச் சொன்னபோது, அவர் என் கையில் மூன்றாவது பையனைக் கொடுத்துவிட்டார். இவன் ஒருத்தன் மட்டும் என்றார். அவர் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்தபோது என் களைப்பைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அந்த மூன்றாமவனைத்தான் எல்லோரும் 'ஸ்கூட்டர்' என்று கூப்பிட்டார்கள். தெருமுனையில் நிறுத்தியிருந்த யாருடையதோ ஸ்கூட்டரைச் சாவியில்லாமல் கிளப்பி, பெட்ரோல் தீரும்வரை ஓட்டியிருக்கிறான். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்று அத்தனை தூரமும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். அப்படித் தள்ளும்போதுதான் பிடிபட்டான். திருடியவன் எவனாவது திருப்பித் தள்ளிக்கொண்டு வருவானா என்று போலீஸ் நம்பவில்லை. நான் நம்பினேன். அப்படி ஒரு முட்டாள்தனத்தை யாராலும் கற்பனை செய்து சொல்ல முடியாது.

முதல் சனிக்கிழமை அவன் வாயே திறக்கவில்லை. ஆரஞ்சு நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, உலகமே தனக்குக் கடன்பட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் எனக்கு ஒன்றுதான். சாவி இல்லாமல் ஸ்கூட்டரை எப்படிக் கிளப்புவது என்று கேட்டேன்.

"எதுக்குக் கேக்கறீங்க? போலீஸ்ல சொல்லவா?"

"இல்ல. எனக்கு ஒரு ஸ்கூட்டர் வேணும்."

கொஞ்ச நேரம் என்னை முறைத்துப் பார்த்தான். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சொல்ல ஆரம்பித்தான். அன்று முழுக்கச் சொன்னான். எனக்கு இன்றைக்கும் கிளப்பத் தெரியாது, ஆனால் அவனுக்கு அன்றே நான் 'லிஃப்ட் அக்கா' ஆகிவிட்டேன். அவன் அம்மா என்னைவிடச் சின்னவள். அந்த 'அக்கா'வில் கொஞ்சம் நக்கலும் இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

எங்களுக்குக் கிடைத்த வேலை, ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பழைய அடுக்குமாடி ஒன்றில். குப்பை இறக்குவது, மளிகை ஏற்றுவது, படிக்கட்டு கழுவுவது. அதைவிட முக்கியமாக, ஏழாம் மாடிப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்து லிஃப்டில் கீழே கொண்டுவருவது. அதுவும் எங்கள் கம்பெனி லிஃப்ட்தான். அவர் சரக்கு ரயில் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக ஆஸ்பத்திரி வண்டி வரும்; மற்ற நாட்களில் வீட்டு வேலைக்கு வரும் அம்மா இறக்கிவிடுவார், சனிக்கிழமை அவருக்கு லீவு. வண்டிக்காரர்கள் வாசலோடு சரி, மாடி ஏற மாட்டார்கள். அது அவர்கள் விதி. நாற்காலி கொஞ்சம் ஆடினாலும் பெரியவர் கத்துவார். ஸ்கூட்டரும் விட மாட்டான், கூட்ஸ் வண்டி ஓட்டினவருக்கு இந்த ஆட்டம் ஒரு ஆட்டமா என்பான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சுகம்.

ஒருநாள் படி கழுவும்போது அவனாகவே தன் அண்ணனைப் பற்றிச் சொன்னான். அண்ணன் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய்வந்தவன். போனபோது வீட்டில் அவன் சத்தம்தான் பெரிய சத்தமாக இருக்குமாம். வந்த பிறகு சுவரோரமாக உட்கார்ந்தே இருக்கிறான், யாராவது வேகமாகக் கையைத் தூக்கினால் தலையை மூடிக்கொள்கிறான். "அம்மா இன்னொருத்தன அங்க அனுப்ப மாட்டா அக்கா. நான் போனா அவ தாங்க மாட்டா" என்றான். துடைப்பத்தை நிறுத்தாமல்தான் சொன்னான். இவன் எதை நினைத்து ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வருகிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் பாரம் இன்னும் கூடியது. இவனும் ஒருநாள் ஜன்னல் வழியாக எனக்குக் கையாட்டினால் என்னால் முடியாது.

களைப்பு என்றால் தூக்கம் வருகிற களைப்பு இல்லை. தூங்கி எழுந்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கிற களைப்பு. வாரம் முழுக்க மாட்டிக்கொண்டவர்கள் குரல், சனிக்கிழமை மாட்டிக்கொண்ட பையன், ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, கூட வேலை பார்க்கிறவள் தன் சனிக்கிழமை ஷிஃப்டை எடுத்துக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யாருக்கும் நல்லது செய்யாமல், ஏசி அறையில் நாற்காலியில் சாய்ந்து, முகம் தெரியாதவர்களோடு மட்டும் பேசுகிற ஒரு சனிக்கிழமை வேண்டும் போல இருந்தது. மேடத்துக்கும் பையனுக்கும் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினேன். மேடம் பதில் போடவில்லை. அவன் உடனே போட்டான்: ரெஸ்ட் எடுங்க அக்கா, மாத்திரை போட்டுட்டுப் படுங்க.

துணை வராத நாளில் பையனுக்கு லீவு. அவன்மேல் குற்றமில்லை, அந்த நாள் கணக்கில் வராது, அவ்வளவுதான். அவனுக்கும் ஒருநாள் தூங்கக் கிடைக்கட்டுமே என்றுதான் நினைத்தேன். துணையாக இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். எங்களுக்குப் பையன்தான் வேலை, பெரியவர் வேலை நடக்கிற இடம். அந்த இடத்துக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், வண்டி வாசலில் வந்து நிற்கும், மாடியிலிருந்து இறக்க ஆள் வேண்டும் என்பது எனக்கும் தோன்றவில்லை, மேடத்துக்கும் தோன்றவில்லை.

காலையில் நான் கைப்பையை எடுத்தபோது, "காய்ச்சல்காரி எங்க கிளம்பிட்ட?" என்றார் வீட்டுக்காரர், போர்வைக்குள்ளிருந்து. நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முதல் சில அழைப்புகள் சாதாரணமானவை. குழந்தை விளையாட்டாக அழுத்தியது, துடைக்கிறவர் கை பட்டது. பிறகு ஒரு மணி அடித்தது. திரையில் எங்கள் பெரியவருடைய கட்டடத்தின் பெயர் வந்தது. வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது: "வணக்கம், அவசர உதவி. நான் லைன்ல இருக்கேன், சொல்லுங்க."

எதிர்ப்பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் ஸ்கூட்டரின் குரல்.

"உங்களுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

நக்கல் இல்லை, கோபம் இல்லை. உண்மையாகவே விசாரிக்கிறானா, குத்துகிறானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. காது மடல் எரிந்தது. எங்களிடம் எல்லா அழைப்பும் பதிவாகும். நான் யார், அவன் யார் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தாலும் அது டேப்பில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டேன், முன்பின் தெரியாதவளைப் போல.

அவன் புத்திசாலி. உடனே புரிந்துகொண்டு, அவனும் முன்பின் தெரியாதவனாகவே பேசினான். இரண்டு பேர், தானும் ஒரு பெரியவரும், பெரியவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார், ஆஸ்பத்திரி வண்டி கீழே நிற்கிறது, லிஃப்ட் நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுவிட்டது என்றான். பின்னால் பெரியவர் மூச்சு வாங்கியபடி கதவைத் திற, கதவைத் திற என்று கத்துவது கேட்டது. சக்கரம் சுவரில் மோதியது.

மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தார். வேறு ஒருவரைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்கு இன்னொரு போனில் பேசி, வண்டி போய்விடக் கூடாது என்று கெஞ்சினேன். அது என் வேலையில் சேராது. செய்துகொண்டே, பெரியவரோடு பேச வேண்டுமே, என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அங்கே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"தாத்தா, பயப்..." என்றான். பாதியில் நிறுத்தினான். எப்போதோ படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது நான் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "தாத்தா, ஒரு சந்தேகம். அவ்வளவு நீள கூட்ஸ் வண்டிய நிறுத்தணும்னா எங்க பிரேக் போடுவீங்க?"

"கதவத் திறடா முதல்ல."

"ஸ்டேஷன் தெரிஞ்சதும் போடுவீங்களா?"

"ஸ்டேஷன் தெரிஞ்சப்புறம் போட்டா வண்டி ஸ்டேஷனத் தாண்டிப் போயிடும்டா மடையா." மூச்சு வாங்கியது. "கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதப்பவே புடிக்க ஆரம்பிக்கணும். கொஞ்சம் கொஞ்சமா. பட்டுனு புடிச்சா பின்னாடி பெட்டியெல்லாம் வந்து முட்டும்."

"தெரியாதப்ப எப்படித் தெரியும்?"

"போயிப் போயிப் பழகணும்."

"யார் மேலயாவது ஏத்தியிருக்கீங்களா?"

"ஒரு மாடு" என்றார் பெரியவர். "அதுவும் என் தப்பு இல்ல."

ஸ்கூட்டர் சிரித்தான். பெரியவர் மாட்டின் தப்பை விளக்க ஆரம்பித்தார். அது எந்த வளைவில் நின்றது, தான் எத்தனை முறை ஹாரன் அடித்தும் நகராமல் எப்படிப் பார்த்துக்கொண்டே நின்றது, மாட்டுக்காரன் வந்து என்னவெல்லாம் பேசினான் என்று போனது கதை. நாற்காலிச் சக்கரம் மோதும் சத்தம் நின்றிருந்தது. இத்தனை வருஷ வேலையில், மாட்டிக்கொண்டவர்களோடு நான் பேசாமல், காதில் வைத்துச் சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அன்றுதான். அழுகை வந்தது. நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

கதவு நெம்பப்படும் சத்தம் கேட்டதும், "வந்துட்டாங்க. வைக்கறேன்" என்றான். வைத்துவிட்டான். வண்டி காத்திருந்தது. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் வந்தவர்கள் உட்காரும் நாற்காலி ஒன்றின்மேல் கோப்புகள் குவிந்திருந்தன; இன்னொன்றில் ஸ்கூட்டர் உட்கார்ந்திருந்தான். நான் நின்றேன். மேடம் மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைத் தரையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பையன் தனியாக வந்து தனியாக மாடி ஏறினான் என்று கட்டடத்துக் காவலாளி சொல்லியிருக்கிறார். அவர் கோள் சொல்கிறவர் இல்லை, லிஃப்ட் நின்றது பற்றி மேடம் விசாரித்தபோது பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். பையனோ, அக்காவும் கூட இருந்தார், நாற்காலி நுழைந்ததும் லிஃப்டில் இடமில்லாமல் படி வழியாக இறங்கினார் என்று சாதிக்கிறான். காய்ச்சல் விட்டுவிட்டதால் கடைசி நிமிஷத்தில் வந்துவிட்டார் என்றும் சேர்த்திருக்கிறான். பொய்யில்கூட என் காய்ச்சலைக் குணமாக்கியிருந்தான்.

"ரெண்டுல எது நிஜம்?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

ஸ்கூட்டர் என்னைப் பார்க்கவில்லை. கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு தலையாட்டு ஆட்டினால் முடிந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் என் குரல் அந்த டேப்பில் இருக்கிறது. உள்ளே நோயாளி இருந்த அழைப்புகளை எங்கள் சூப்பர்வைசர் திரும்பப் போட்டுக் கேட்பார். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் இது உடையும். அன்றைக்கு நான் எங்கே நிற்பேனோ தெரியாது, இவன் தலையில்தான் விழும். உண்மையைச் சொன்னாலோ, அனுமதியில்லாமல் நுழைந்தான், அதிகாரியிடம் பொய்யும் சொன்னான் என்று இப்போதே விழும். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அவன் அண்ணன் ஞாபகம் வந்தது. பயிற்சி வகுப்பில் தூங்காமல் கேட்ட விதியும் ஞாபகம் வந்தது.

"காவலாளி சொன்னதுதான் நிஜம், மேடம். நான் வரல. காய்ச்சல்னு சொன்னதே பொய், நான் வேலைக்குப் போயிருந்தேன்" என்றேன். குரல் நடுங்காமல் வந்தது. அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன். "பெரியவருக்கு வண்டி வந்துடும், நீ போய் எறக்கிடுன்னு இவன அனுப்பினது நான்தான். யாராவது கேட்டா நானும் கூட இருந்ததா சொல்லுன்னு சொன்னதும் நான்தான்."

மின்விசிறியிலிருந்து அவன் பார்வை சட்டென்று என்மேல் வந்தது.

மேடம் என்னை நெடுநேரம் பார்த்தார். எத்தனை வருஷமாக எத்தனை பொய்களைக் கேட்டவர். இதில் எது உண்மை, எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்று அவருக்கா தெரியாது. அவர் அவன் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார்.

அவன் இல்லை என்று சொல்லியிருந்தால் எல்லாம் போயிருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சொல்லித் தொலையடா என்று எனக்கு உள்ளுக்குள் கத்த வேண்டும் போல இருந்தது.

"ஆமா" என்றான், யாருக்கும் கேட்காத குரலில். மேடத்துக்குக் கேட்டது. கேட்டதாக வைத்துக்கொண்டார்.

துணையின் பேச்சைக் கேட்டு நடந்தவன்மேல் நடவடிக்கை இல்லை என்றார். அவன் மீதிச் சனிக்கிழமைகளை முடிக்கலாம், வேறு துணை தருவார். உடற்பயிற்சி வாத்தியார் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். நான் இன்றோடு விலக வேண்டும், பையனைச் சந்திக்கவோ கூப்பிட்டுப் பேசவோ கூடாது. இதைச் சொல்லும்போது அவர் என்னைத் திட்டவில்லை. "போயி நல்லா தூங்குங்க" என்றார். எனக்கு அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

வெளியே நடைக்கூடத்தில் அவன் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"யாரு உங்கள நடுவுல வரச் சொன்னா?"

டேப் இருக்கிறது, ஒருநாள் மாட்டியிருப்பாய் என்று சொன்னேன். உன் அம்மாவை நினைத்துப் பார் என்றும் சொன்னேன். அவன் கேட்கவே இல்லை.

"நான் தப்பிக்கவா அப்படிச் சொன்னேன்? உங்கள எடுத்துடுவாங்கன்னுதான் சொன்னேன்."

அப்புறம் போய்விட்டான். நான் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒரு சனிக்கிழமை கேட்டேன். எல்லாச் சனிக்கிழமையும் கிடைத்துவிட்டது. அவனுக்கு நான் வேண்டியிருந்தேன் என்பதை, இனிமேல் நான் வரக் கூடாது என்றான பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கும் அவன் வேண்டியிருந்தான் என்பது பஸ் ஏறிய பிறகு தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். வீட்டுக்காரர் அதிசயமாகத் தானே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தப் பல்பையும் மாற்றினார். அந்த வெளிச்சத்தில் அறை முழுக்கத் தூசியாகத் தெரிந்தது. துடைத்தேன், மறுபடி உட்கார்ந்தேன். இப்போது அவர்கள் ஏழாம் மாடியில் இருப்பார்கள், வாத்தியார் நாற்காலியை வேகமாகத் தள்ளுவாரோ, பெரியவர் கத்துவாரோ என்று மனம் அங்கேயே சுற்றியது. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து கூட வேலை பார்க்கிறவளிடம் நானே கேட்டுச் சனிக்கிழமை ஷிஃப்டை வாங்கிக்கொண்டேன். உனக்கென்ன பைத்தியமா என்றாள். கொடுத்துவிட்டு அவள் சந்தோஷமாகத்தான் போனாள்.

அங்கிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. அந்த லிஃப்டை மெக்கானிக் நன்றாகச் சரிசெய்துவிட்டார் போல. மழை போய் வெயில் வந்தது. ஒருமுறை மேடத்தைக் கடைத்தெருவில் பார்த்தேன். விசாரிக்கக் கூடாது என்று தெரியும். அவரும் சொல்லக் கூடாது. காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டே, ஒழுங்காக வருகிறான் என்று மட்டும் பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை மணி அடித்தது. திரையில் அந்தக் கட்டடம். வணக்கம், அவசர உதவி, நான் லைனில் இருக்கிறேன் என்றேன். லிஃப்ட் நிற்கவில்லை, ஓடும்போது வரும் முனகல் பின்னால் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. என்னடா பொத்தானை நோண்டுகிறாய் என்று பெரியவர் அதட்டினார். வேலை செய்கிறதா என்று பார்க்கிறேன் தாத்தா என்று பதில் வந்தது. யாரப்பா லைனில் என்று ஒரு கனத்த குரல் கேட்டது, வாத்தியாராக இருக்க வேண்டும்.

சும்மா அழுத்தினால் எச்சரித்துவிட்டு அவர்களையே லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. அவனோடு பேசவும் கூடாது. வாயைத் திறந்தேன்.

"காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றான்.

சூப்பர்வைசர் எனக்குப் பின்னால் நடந்துபோனார். டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் விடல" என்றேன்.

"மாத்திரை போடுங்க."

"சரி."

முனகல் நின்றது. கதவு திறந்தது. நாற்காலிச் சக்கரம் கதவின் விளிம்பில் ஏறி இறங்கியது, பெரியவர் ஆட்டாதே என்று கத்தினார், வெளியே வண்டியின் ஹாரன் கேட்டது. அவர்கள் போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் மறந்துவிட்டானோ, வேண்டுமென்றேதான் விட்டானோ, அவன் பொத்தானை மறுபடி அழுத்தவில்லை. நாங்கள் துண்டிக்கக் கூடாது. காலியான லிஃப்டின் சத்தத்தைக் கேட்டபடி நான் லைனில் இருந்தேன்.